பதினைந்தாவது பெயர்

மே 19, திங்கள். காலையிலேயே கொளுத்துகிறது.

அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது. இன்று காலை ஒன்பதே கால் மணியளவில் எனது இடது செருப்பின் வார், பள்ளிக்கூட வாசலில் காலமானது. அன்னாருக்கு வலது செருப்பு ஒன்றுதான் உறவு. ஊக்கு குத்தி இறுதி மரியாதை செய்யப்பட்டது. மலர் வளையங்களைத் தவிர்க்கவும்.

மற்ற செய்திகள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து மூன்று நாள். சங்கவி 463, பள்ளியில் முதல். நான் 441, அதற்கு அடுத்து. வேலு 298. "முன்னூறுக்கு ரெண்டுதான்டா கம்மி" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான்.

எச்.எம். மேடம் என்னையும் சங்கவியையும் வரச் சொல்லியிருந்தார். வேலுவைச் சொல்லவில்லை. அவனாக வந்தான்.

"இந்த வருஷம் நம்ம ஸ்கூலுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கேட்டிருக்கேன். பிளஸ் ஒன்ல பதினஞ்சு பேர் சேர்ந்தாத்தான் குரூப்பும் தருவாங்க, வாத்தியாரும் போடுவாங்க. ஜூன் பதினொன்னு அரியலூர்லேருந்து ஆபீசர் வந்து எண்ணுவாரு."

"இப்ப எத்தன பேரு மேடம்?"

"நீங்க மூணு பேரு."

"நான் ஐ.டி.ஐ. போறேன் மேடம், பிட்டர்" என்றான் வேலு.

"அப்ப ரெண்டு."

லேப்பைத் திறந்து காட்டினார். பத்து கம்ப்யூட்டர், பழைய வேட்டி போர்த்திக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாக. என் கணக்கெடுப்பு: கீபோர்டு பத்து, அதில் கீ ஆயிரம். கதவுக்குக் கீ ஒன்றே ஒன்று, அது மேடம் பையில். மவுஸ் பத்து. ஒயர் இல்லாமல் தானாக ஓடியது ஒன்று. சிரித்தது வேலு மட்டும்.

சங்கவி ஒரு வேட்டியை விலக்கிவிட்டு, கரண்ட் இல்லாத கீபோர்டில் மெதுவாகத் தன் பெயரை அடித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயங்கொண்டத்தில் இந்தக் குரூப் இருக்கிறது. பஸ் 7.10, விட்டால் 9.40. அவள் அப்பா திருப்பூரில். அம்மா ஆறரைக்கே முந்திரி உடைக்கப் போய்விடுவார். தம்பிகள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, சோறு போட்டு, எட்டரைக்குப் பள்ளிக்கூடம் அனுப்புவது அவள்தான். ஆக 7.10 அவளுக்குக் கிடையாது. நம் பள்ளியில் க.அ. (இனி கணினி அறிவியல் என்று முழுசாக எழுத மாட்டேன், கை வலிக்கிறது) வந்தால் படிப்பாள். வராவிட்டால் இருக்கிற வரலாறு குரூப்.

திரும்பி வருகையில், "பதிமூணு பேருக்கு எங்கடா போறது?" என்றாள்.

"நான் பிடிச்சித் தரேன். ஊரே எனக்குத் தெரியும்."

"ஊருக்கும் உன்னத் தெரியும். அதான் பயமா இருக்கு."

மே 21, புதன்.

வீடு வீடாக. நான், சங்கவி, வேலு (குடை பிடிக்க). கிடைத்த பதில்கள்:

"கம்ப்யூட்டர் பாத்தா கண்ணு போயிடும்பா." (சொன்னவர் கையில் போன், அதில் சீரியல்.)

"படிச்சா சிமெண்ட் பேக்டரியில எடுத்துக்குவானா?"

"நீ போன வருஷம் எங்க வூட்டு ஆட்டுக்கு டை கட்டிவிட்டவன்தானே? போடா."

"எங்க பய தேறினதே அதிசயம். எதுல வேணும்னாலும் சேத்துக்க, திருப்பி மட்டும் அனுப்பாத."

கடைசி ஆளுடையது மட்டும் சேர்த்தி. மாலைக்குள் மூன்று. ஆக, ஐந்து. உதடு வெடித்துவிட்டது. சங்கவி வீட்டில் மோர்.

மே 24, சனி. அனல் காற்று. மழை வருவது மாதிரி பாசாங்கு.

இன்று என் வாழ்வின் மகத்தான நாள்.

செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காய வண்டி வந்தது. மைக் வைத்த குட்டி யானை. ஓட்டுகிற அண்ணன் டீ குடிக்க இறங்கினார். மைக் தனியாக இருந்தது. நானும் தனியாக இருந்தேன்.

"அம்மா வாங்க, அக்கா வாங்க! செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம்! உரிச்சா கண்ணீர் வரும். உங்க புள்ள பத்தாவது பாஸா? நம்ம ஊரு கவர்மெண்ட் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் குரூப்! சேர்த்தா கண்ணீர் நிக்கும்! பீஸ் கிடையாது, பஸ் கிடையாது, நடந்தே போயிடலாம்!"

பையோடு வெளியே வந்த பெண்கள் எது கிலோ, எது குரூப் என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு அக்கா, "ரெண்டு கிலோ குடுங்க, அந்த குரூப்புக்கு எப்ப வரணும்?" என்றார். வெங்காய அண்ணன் டீக்கிளாசோடு ஓடி வந்து என் காதைப் பிடித்தார். பிறகு விஷயம் கேட்டு, காதை விட்டார். "எம் பொண்ணு படிக்கப் பெரம்பலூருக்குப் போயி வருது. ரெண்டு மணி நேரம் பஸ்ல போவுது. இன்னொரு தெருவுக்கும் சொல்லிட்டு எறங்கு" என்றார்.

ஆறு பேர். ஒரே நாளில். ஆக, பதினொன்று. இந்த மாவட்டத்தில் வெங்காயம் விற்றுக் கல்வி வளர்த்தவன் நான் ஒருவன்தான்.

சங்கவி ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். சத்தம் போட்டு.

மே 27, செவ்வாய்.

பதின்மூன்று. இதற்குமேல் ஊரில் பத்தாவது பாஸ் பண்ணிய ஜீவன் இல்லை. வேலுவைத் தவிர.

குளத்தங்கரையில் பிடித்தேன். ஐ.டி.ஐ. கவுன்சலிங் அவனுக்கு ஜூன் 3. போனால் பிட்டர் நிச்சயம். ரெண்டு வருடம், பிறகு ஏதாவது பேக்டரி. அவன் அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"எனக்கு மேத்ஸ் வராதுடா."

"நான் சொல்லித் தரேன்."

"தெனமுமா?"

"தெனமும். ரெண்டு வருஷம். ஒரே பெஞ்சு."

கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டான். வட்டம் போகும்வரை பார்த்தான்.

"எங்கப்பா அடிப்பாரு."

"நான் வந்து பேசுறேன்."

"நீ வந்தா ரெண்டு பேருக்கும் அடி."

சம்மதம். பதினான்கு.

மே 30, வெள்ளி. தூறல், பிறகு புழுக்கம்.

பெரம்பலூரில் ஒரு பெரிய தனியார் பள்ளி. அங்கிருந்து ஒரு சார், வெள்ளைக் கார், சட்டைப் பையில் மூன்று பேனா. கிராமத்து அரசுப் பள்ளிகளில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு இலவச சீட்டு, இலவச ஹாஸ்டல். முதலில் சங்கவி வீடு. "தம்பிங்க இருக்காங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அடுத்து எங்கள் வீடு.

லேப்பில் நாற்பது கம்ப்யூட்டராம். ஏ.சி.யாம். இன்டர்நெட் நிற்கவே நிற்காதாம். மாணவர்கள் போட்டோ போட்டு பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைப்பார்களாம். போனில் படம் காட்டினார். நான் அலட்சியமாகத்தான் பார்த்தேன்.

அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்தார். சுண்ணாம்புக்கல் லோடு, புருவம் வரை வெள்ளை. கேட்டார். உட்கார்ந்தார். முடிவு செய்துவிட்டார். அப்பா முடிவு செய்தபின் நான் என்ன பேச முடியும்.

ஹாஸ்டல் திறப்பது ஜூன் 17. டி.சி. மட்டும் உடனே வேண்டுமாம்.

ஜூன் 2, திங்கள். பள்ளி திறப்பு.

யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்தேன். ஆபீசர் வருவது 11. நான் போவது 17. அதுவரை டி.சி. அங்கே, உடம்பு இங்கே. ஆபீசர் எண்ணப்போவது தலையைத்தானே? எண்ணி முடித்து, குரூப் வந்து, வாத்தியாரும் வந்தபின் நான் மெதுவாகக் கழன்றுகொண்டால் யார் என்ன செய்ய முடியும்? வந்த வாத்தியாரைத் திருப்பியா அனுப்புவார்கள்?

கிளார்க் அண்ணன் கேட்டார்: "ஆளு சேர்க்கிறவனே டி.சி. கேக்குற?"

"ஒரு ஸ்காலர்ஷிப்புக்குண்ணே. காட்டிட்டுத் தந்துடுவேன்."

எச்.எம். மேடம் ஒரு கட்டு டி.சி.க்கு மொத்தமாகக் கையெழுத்துப் போட்டார். என்னுடையது நடுவில். நிமிரவில்லை. மாலையே பெரம்பலூருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சங்கவிக்கும் வேலுவுக்கும் இது தெரிய வேண்டாம். நல்லதுக்குத்தான்.

ஜூன் 6, வெள்ளி.

பதினைந்து! பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், அத்தை வீட்டுக்குக் குடிவந்தவன், தானாக வந்து சேர்ந்தான். என்னையும் சேர்த்துப் பதினைந்து.

வேட்டிகளை உருவித் துவைத்துக் காயப் போட்டோம். பத்தில் ஏழு உயிரோடு இருக்கிறது. மேடம் லேப் கரும்பலகையில் பதினைந்து பெயரும் எழுதினார். முதலில் சங்கவி. கடைசியில் நான், கேப்டன் கடைசியில்தான் இறங்குவான் என்று நானே கேட்டு வாங்கியது.

வேலு கவுன்சலிங்குக்குப் போகவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. "கொசு" என்றான். அவன் அப்பாவுக்கு ஐந்து விரல், கன்னத்தில் நாலு கொசு.

மேடம் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "பரணி இல்லாட்டி இது நடந்திருக்காது." கைதட்டினார்கள். மதிய உணவில் முட்டை இரண்டு.

ஜூன் 11, புதன்.

ஆபீசர் ஒல்லியானவர், மரியாதையானவர். கையில் டேப்லெட். லேப்பில் நாங்கள் பதினைந்து பேரும் தலை வாரி.

அவர் தலையை எண்ணவில்லை. டேப்பைப் பார்த்துப் பெயர் படித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் என்று ஒன்று உண்டு. ஒன்றாம் வகுப்பில் போட்டது, டி.சி. போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். அது எனக்கும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் போகும் என்று தெரியாது.

பதினாலு பேர் "உள்ளேன் ஐயா." டேப்பை மூடினார். தலைகளைப் பார்த்தார்.

"ஒரு ஆள் அதிகமா இருக்கே. உன் பேர் என்ன தம்பி?"

"பரணிதரன் சார்."

தேடினார். "நீ இங்க இல்லப்பா. பெரம்பலூர்ல இருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ விளையாட்டு செய்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வேலுதான் ரொம்ப சிரித்தான், பெஞ்சைத் தட்டி. சங்கவி சிரிக்கவில்லை. மேடம் கரும்பலகையில் கடைசிப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஆபீசர் நல்ல மனுஷன். திங்கக்கிழமை மதியம் ரெண்டரை வரைக்கும் லிஸ்ட அனுப்பாம வெக்கிறேன்னாரு. வேற ஆள் கிடைக்காது, எல்லாரும் எங்கெங்கோ சேந்துட்டாங்க. நீ போயி டி.சி.யைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

வெளியே வேலு.

"தெனமும் சொல்லித் தரேன்ன. பெரம்பலூர்லேருந்தா?"

"அப்பாதான்டா..."

"எங்கப்பாவுந்தான்" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டான்.

சங்கவி மாலையில் வீட்டு வாசலுக்கே வந்தாள். உள்ளே வரவில்லை. சின்னத் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். "கோவமெல்லாம் இல்லடா. போயி கேட்டுப் பாரு. கேட்டா மட்டும் போதும். குடுக்காட்டி அவங்க பாடு."

அப்பா லீவு போட்டு வரட்டுமா என்றார். நானே பேசிக்கொள்கிறேன் என்றுவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி. பயங்கர வெயில்.

காலை 7.10. ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் மாறி, பெரம்பலூர். வழியெல்லாம் லாரிப் புழுதி.

போராடிப் பார்த்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன், பிற்காலத்துக்கு.

தாளாளர் அறை. கண்ணாடிக் கதவு. அனுமதி கேட்காமலே நுழைந்தேன். "சார், என் டி.சி. வேணும்" என்றேன். "கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பித் தர மாட்டோம், இங்கே அதுதான் சட்டம்" என்றார். நான் விடவில்லை. "உங்களுக்கு அது ஒரு தாள் சார். எங்க ஊருக்கு அது ஒரு ஆள்" என்றேன். அறையே அமைதியாகிவிட்டது. ஏ.சி. சத்தம் மட்டும். பதினாலு பேரைப் பற்றிச் சொன்னேன், சங்கவியின் தம்பிகளைப் பற்றி, வேலுவின் கன்னத்தைப் பற்றி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்ன மாதிரி ஒரு பையனத்தான் நான் விடக் கூடாதுப்பா" என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். முடியவில்லை.

ஊர் திரும்பி பஸ் ஸ்டாப்பிலேயே சொன்னேன். சங்கவி, வேலு, இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். தாள், ஆள் என்ற இடம் வந்தபோது வேலு என் தோளில் கை போட்டான்.

ஜூன் 16, திங்கள். மழை, கடைசியில் வந்தேவிட்டது.

ரெண்டரைக்கு லிஸ்ட் போனது. பதினாலு. மூன்று மணிக்கு அரியலூரிலிருந்து போன். இந்த வருடம் இல்லை.

மேடம் அழிப்பானை எடுத்து அவரே அழித்தார். கீழிருந்து மேலாக. சங்கவி பெயருக்கு வந்ததும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அதையும். வேட்டிகளை மறுபடி போர்த்தினோம். மழைச் சாரலில் நனைந்தது ரெண்டு இருந்தது, அதைப் போர்த்த வேண்டாம் என்றார்.

கணக்கு:
7.10 பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போகப்போகிறவர்கள்: ஆறு, பையன்கள் மட்டும்.
படிப்பே போதும், திருப்பூர்: ஒன்று.
வரலாறு குரூப்: ஏழு. அதில் சங்கவி. அதில் வேலு.

பிட்டர் சீட்டெல்லாம் முடிந்துவிட்டதாம். அடுத்த வருடம் வா என்றார்களாம். வேலு சொன்னான்: "வரலாறுல மேத்ஸ் கிடையாதுல்ல? எனக்கு அதே போதும்டா. நீ கவலப்படாத."

சங்கவி மழைக்குத் தம்பியின் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பெரம்பலூர் போயி அவ்ளோ பெரிய ஆளுகிட்ட நின்னு பேசியிருக்க. எங்களுக்காக யாரு அப்படிக் கேட்டிருக்கா? நல்லாப் படி. அங்க சொல்லித் தரதெல்லாம் நோட்டுல எழுதி லீவுக்கு வரப்ப குடு" என்றாள்.

சரி என்றேன்.

ஜூன் 18, புதன். பெரம்பலூர் ஹாஸ்டல். வெயில், மேகம், மறுபடி வெயில்.

நேற்று வந்து சேர்ந்தேன். பெட்டியை பஸ் ஏறும்வரை தூக்கி வந்தது வேலு. அறையில் எட்டு பேர். எனக்கு ஜன்னலோரம். காலையில் ஒரு ஜோக் அடித்தேன், எல்லோரும் சிரித்தார்கள், இங்கேயும் அது வேலை செய்கிறது.

இன்று ரெக்கார்டு நோட்டு வாங்க ஆபீஸ் ஜன்னலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பையன், ரஞ்சன்குடிப் பக்கமாம், அவன் அம்மாவோடு. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான், கண் வீங்கியிருந்தது. அந்த அம்மா தயங்கித் தயங்கி, "சார், புள்ளைக்கு இங்க ஒத்துக்கல, ஊர்லயே சேத்துடுறோம்" என்றார். ஜன்னலுக்குள் இருந்தவர், "பரவால்லங்கம்மா, உக்காருங்க" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டி.சி.யைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தாளாளர் அந்த வழியாக வந்தவர், அவன் தலையைத் தடவி, "எங்க படிச்சாலும் நல்லாப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். கண்ணாடி போடுகிறவர் இல்லை.

13ஆம் தேதி எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். கிழிக்கவில்லை. கீழே இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் யார் அறைக்கும் போகவில்லை. வாசலில் ஆயா ஒருவர் "என்னப்பா வேணும்?" என்றார். டி.சி. என்றுதான் சொல்ல வந்தேன். "லேப் பாக்கணும்" என்று வந்தது. திறந்துவிட்டார். நாற்பதும் எரிந்துகொண்டிருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றில் உட்கார்ந்தேன். மதியம் ஆகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன். திரும்பும் வழியில், அரியலூர் வருவதற்குள், நான் பேசியதையும் தாளாளர் பேசியதையும் யோசித்து முடித்துவிட்டேன்.

அப்பா விஷயமும் அப்படித்தான். மே 30 அன்று அவர் முடிவு ஒன்றும் செய்யவில்லை. "உனக்கு எங்க படிக்கப் புடிச்சிருக்கோ அங்க படிடா" என்றார். ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் பெரம்பலூர் என்றேன்.

யாரும் தர மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.